ஈரக் கட்டு

மேலக்கோட்டகத்தில் ஒரு கட்டு நெல்லை இரண்டு தடவை அடிப்பார்கள். அறுத்து வந்த கட்டில் வைக்கோலில் திரித்த கயிறான பிரியை மாட்டி, தலைக்கு மேல் சுழற்றித் தரையில் அறைவது முதல் அடி. அதில் உதிர்வது முழுக்கப் பண்ணைக்கு. அடித்த வைக்கோலைப் போராகக் குவித்து, வெந்து இளகிய பிறகு மாடு கட்டி மிதிக்க விடுவது போரடி. தாளில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச நெல் அப்போது உதிரும். அதில் பாதி சேரிக்கு. யார் வகுத்த முறை என்று யாருக்கும் தெரியாது. சித்திரை வரைக்கும் சேரியில் அடுப்பு எரிந்தது அந்தப் பாதியால்தான்.

பண்ணையார் குஞ்சிதபாதத்துக்கு இந்த முறை பிடிக்கவில்லை. முதல் அடியில் கையை இளக்கிவிட்டால் போரடியில் சேரிக்கு நெல் கூடும். இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பொருளாதாரம்.

ஒரு தை மாதம் கிழக்கே மேகம் கட்டியது. பனி காயும் முன்பே அடிக்கச் சொன்னார். கதிரடிக்கிற ஆட்களுக்குத் தலைவனாக இருந்தவர் பக்கிரி.

“ஆண்டே, கட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு. வெயில் ஏறட்டுமே.”

“மழை புடிச்சா ஒங்கப்பனா வந்து குடுப்பான்? அடிடா.”

அடித்தார்கள். மழை வரவில்லை. போரடியின்போது வழக்கத்துக்கு மேல் நெல் கொட்டியது. குஞ்சிதபாதம் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கிரியை மட்டும் முன்னால் வரச் சொன்னார்.

“வைக்கோல்ல மறைச்சு வச்சா பாதி ஒனக்கு. அதானே?”

“சத்தியமா இல்ல ஆண்டே. ஈரம்.”

“ஈரமா? அடிக்கிற கை அடிச்சா ஈரத்துலயும் உதிரும். எடு. அடி.”

மாடு மிதித்து முடித்த வைக்கோல் அது. பக்கிரி அடித்தார். ஒன்றும் உதிரவில்லை. “இன்னும் நெல் இருக்கு, அடி” என்றார் குஞ்சிதபாதம். வைக்கோல் கூளமானது. அடுத்த கற்றையை எடுக்கச் சொன்னார். இடையில் இளநீர் வந்தது, குடித்தார். சேரி முழுவதும் களத்தைச் சுற்றி நின்றது. உச்சி வெயிலில் பக்கிரியின் வலது தோள் கழன்று கை தொங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை.

அந்த வருடம் சேரிக்குப் போரடி நெல் கிடையாது என்று சொல்லிவிட்டார். சேரி அவரைத் திட்டவில்லை. திட்ட முடியாது. பக்கிரியைத் திட்டியது. ‘வைக்கோல் பக்கிரி’ என்று பெயர் வைத்தது. பசியில் இருந்தவர்களுக்கு அவர் மறைத்தாரா இல்லையா என்பதில் அக்கறை இருக்கவில்லை.

எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த பக்கிரியின் மகன் வைரக்கண்ணு களத்து மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். பிற்காலத்தில் அவனைப் பற்றிப் பாராட்டிப் பேசியவர்கள் ‘கல்வித் தாகம்’ என்ற சொல்லைத் தவறாமல் சொன்னார்கள். அது தாகம் இல்லை. அதே களத்தில், அதே ஜனங்களின் முன்னால், குஞ்சிதபாதம் தப்பு என்று ஆக வேண்டும். அதற்கு எவ்வளவு படிக்க வேண்டுமோ அவ்வளவு படிப்பது என்று வைத்துக்கொண்டான்.

மன்னார்குடியில் விடுதியில் தங்கிப் படித்தான். பண்ணையார் மகன் பஞ்சநதம் அதே பள்ளிக்கூடத்துக்கு வில்வண்டியில் வருவான். “ஒங்கப்பன் வைக்கோல்ல என்னடா ஒளிச்சு வச்சான்?” என்று கேட்பான். பையன்கள் சிரிப்பார்கள். வைரக்கண்ணு கணக்கில் பஞ்சநதத்தை முந்திக்கொண்டே இருந்தான்.

கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கும்போது வேளாண் பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. விளைச்சலில் பங்கு வாங்குகிறவன் தன் பங்குக்குச் சாதகமாகத்தான் உழைப்பான், மற்றவன் பங்கில் கையை இளக்குவான் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் கோடு கிழித்து விளக்கியிருந்தார். வைரக்கண்ணு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். குஞ்சிதபாதத்தின் குரல் கேட்டது. இங்கிலீஷில் கேட்டது. மேல்படிப்புக்கு என்ன பாடம் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

முனைவர் பட்டத்துக்காக டெல்டா முழுக்கக் களம் களமாக அலைந்தான். ஒரத்தநாட்டுப் பக்கம், மன்னார்குடிப் பக்கம், கிழக்கே பூம்புகார் போகிற வழி நெடுக. அடித்த வைக்கோலை வாங்கி, திரும்ப மிதிக்க விட்டு, எவ்வளவு நெல் தங்கியிருக்கிறது என்று நிறுத்தான். போரடியில் பங்கு உள்ள ஊர், பங்கே இல்லாமல் நாள்கூலி மட்டும் வாங்குகிற ஊர், சொந்த வயலைத் தானே அறுத்து அடிக்கிற ஊர். எங்கேயும் ஒரே மாதிரிதான் இருந்தது. மிச்ச நெல்லுக்குப் பங்கோடு சம்பந்தம் இல்லை, பனியோடுதான் சம்பந்தம். காய்ந்த கட்டில் கொஞ்சமாகத் தங்கும். நனைந்த கட்டில், எந்தச் சூரன் அடித்தாலும், அதைப் போலப் பல மடங்கு தங்கும்.

தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், “நெல்லை விட்டுட்டு வைக்கோலைப் புடிச்ச முதல் ஆளு நீங்கதான்” என்று சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். பட்டத்தோடு ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்.

“என்னத்த எழுதுன?”

“ஈரக் கட்டுல நெல் தங்கும். அடிக்கிறவன் மேல குத்தம் இல்லன்னு.”

பக்கிரி இடது கையால் பீடியைப் பற்ற வைத்தார். “இத குஞ்சிதபாதம் ஆண்டைட்ட சொல்லிட்டியா?”

“அது இங்கிலீஷ்ல இருக்குப்பா.”

“அப்ப யாருக்குடா எழுதுன?”

அந்தக் கேள்வியோடுதான் வைரக்கண்ணு ஊரை விட்டுக் கிளம்பினார். விரிவுரையாளர் ஆனார். கட்டுரைகள் வந்தன. டெல்லியிலும் மணிலாவிலும் கூட்டங்களில் அவர் பெயரைச் சொன்னார்கள். மேலக்கோட்டகத்தில் அப்பா வைக்கோல் பக்கிரியாகவே இருந்தார்.

ஆட்சி மாறியது. தஞ்சாவூர் ஜில்லாவில் கூலித் தகராறு ஊர் ஊராகப் பற்றியது. ஒரு பக்கம் செங்கொடி, இன்னொரு பக்கம் வெளியூர் ஆட்கள், நடுவில் போலீஸ் கூடாரம். பரம்பரைக் கதர்க்காரரான குஞ்சிதபாதம் மகனுக்குக் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி வாங்கிக் கட்டிவிட்டார். அறுப்புக் கூலியை முறைப்படுத்த அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். நிபுணர் என்று ஒருவர் தேவைப்பட்டது. வைரக்கண்ணுவைப் போட்டார்கள். விசாரிக்க வேண்டிய ஊர்களின் வரிசையில் மேலக்கோட்டகத்தை அவரே சேர்த்தார்.

பண்ணைக் களத்தில் பந்தல் போட்டு விசாரணை. குஞ்சிதபாதம் மிராசுதார்கள் சார்பில் பேச வந்தார். வைரக்கண்ணுவை ‘நீ’ என்று கூப்பிட முடியவில்லை, ‘நீங்கள்’ என்று கூப்பிட வாய் வரவில்லை. “சௌக்கியமா வந்து சேர்ந்தாச்சா?” என்று காற்றைக் கேட்டார். பிறகு நீதிபதியிடம் திரும்பினார்.

“இந்தப் போரடிப் பங்கை எடுத்துடணுங்க. ஆளுங்களத் திருடனாக்குறதே அதுதான். பக்கிரின்னு ஒருத்தன் எங்கிட்ட இருந்தான். வைக்கோல்ல நெல்ல வச்சு அடிச்சான். கேட்டா பனி, ஈரம்னு சாக்கு. ஒழுங்கான கை அடிச்சா ஈரத்துலயும் உதிருங்க.”

பந்தலுக்கு வெளியே சேரி நின்றது. முன் வரிசையில் பக்கிரி நின்றார். வைரக்கண்ணு நிதானமாகக் கேட்டார்.

“ஈரத்துலயும் உதிரும்னு சொல்றீங்க. அதைக் குறிச்சுக்கலாமா?”

“தாராளமா.”

“ஒழுங்கான கைன்னு யாரைச் சொல்றீங்க? இந்த ஊர்ல ஒருத்தரைக் காட்டுங்க.”

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் வந்தது. “ஏன், எம் மவன் அடிப்பான். அவனுக்கென்ன போரடிப் பங்கா வேணும்?”

கூட்டம் சலசலத்தது. பஞ்சநதம் கர்லாக்கட்டை சுற்றிய உடம்புக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“அப்ப நாளைக் காலைல வச்சுக்கலாம்” என்றார் வைரக்கண்ணு. “எங்களுக்கு அடுத்த ஊர் இருக்கு. வெள்ளனவே ஆரம்பிச்சுடுவோம்.”

அவர் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். கட்டைக் காய வைத்து அடிக்கச் சொல்லியிருந்தால் அது சோதனை. பனியால்தான் நெல் தங்கியது என்று எழுந்து சொல்லியிருந்தால் அது அப்பாவுக்கு ஒரு விடுதலை. அவருக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை.

காலையில் கட்டுகளிலிருந்து பனி சொட்டியது. பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் குஞ்சிதபாதத்தின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். குஞ்சிதபாதத்தின் முகம் மாறியது. நேற்று நீதிபதி முன்னால் சொன்ன வாயால் இன்றைக்கு ஈரம் என்று சொல்ல முடியாது. காரியக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையை வீசினார்.

பக்கிரி ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகன் பக்கத்தில் வந்தார்.

“ஈரமா இருக்குடா.”

“தெரியும்.”

பக்கிரி நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

பஞ்சநதம் ஆங்காரமாகத்தான் அடித்தார். களம் அதிர்ந்தது. அடித்த வைக்கோலைப் பரப்பி மாட்டை விட்டார்கள். வைக்கோலை உதறி எடுத்தபோது அடியில் நெல் மஞ்சளாகக் கிடந்தது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பக்கிரியின் தங்கை காத்தாயிதான்.

“சின்னாண்டைக்கு எதுக்குங்க போரடிப் பங்கு? வீட்டுல நெல்லு இல்லியா?”

சேரி முழுக்கச் சிரித்தது. அந்தக் களத்தில் அந்த ஜனங்கள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. வைரக்கண்ணு அத்தோடு விட்டிருக்கலாம்.

“இன்னொரு கட்டு பார்த்துடலாங்க.”

இன்னொன்று. பிறகு இன்னொன்று. பஞ்சநதத்தின் உள்ளங்கை பிளந்து பிரியில் ரத்தம் பட்டது. நீதிபதி நெளிந்தார்.

“போதும் டாக்டர். விஷயம் தெளிவாயிடுச்சே.”

“இன்னும் நெல் இருக்குங்க” என்றார் வைரக்கண்ணு.

குஞ்சிதபாதம் நாற்காலியை விட்டு எழுந்தார். குடையை ஊன்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மகன் அடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ‘வைக்கோல் பண்ணை’ என்ற பெயர் மன்னார்குடிக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

வைரக்கண்ணு அன்றைக்கு அம்மா வைத்த குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் களத்தில் எடை போட்ட மிச்ச நெல்லின் எண் அறிக்கையில் போனது. மிராசுதார் மகனே அடித்தாலும் வைக்கோலில் இவ்வளவு நெல் தங்கும், ஆகவே தொழிலாளியைக் குற்றம் சொல்ல இடமில்லை, போரடிப் பங்கு அவன் உரிமை. அரசாணையும் வந்தது. பனியைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. எழுதியவர் பனியில் பட்டம் வாங்கியவர்.

குஞ்சிதபாதமும் அந்த எண்ணைப் பார்த்தார். இவ்வளவு நெல்லா வைக்கோலில் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த அறுப்புக்கு டிராக்டர் வந்தது. கட்டைக் கையால் அடிக்கவே இல்லை. அப்படியே களத்தில் பரப்பி டிராக்டரை ஏற்றினார். நெல் மொத்தமும் ஒரே தடவையில் உதிர்ந்தது. போரடியில் பாதி சேரிக்கு என்று அரசாணை சொன்னது. போரடியே நடக்காத ஊரில் பாதி எங்கிருந்து வரும்? மற்றப் பண்ணைகளும் பார்த்துக்கொண்டன. கதிரடிக் கூலி போயிற்று, பங்கும் போயிற்று. சேரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை.

காத்தாயி தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வந்தாள். மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் வைரக்கண்ணு கட்டியிருந்த வீட்டின் வாசலிலேயே நின்று பேசினாள்.

“ஒங்கப்பனுக்காக அடிச்ச. நல்லா அடிச்ச. நானும்தான் சிரிச்சேன். இப்ப எங்க வயித்துல விழுந்துருக்கு.”

“அத்தை, உள்ள வாங்க.”

“வந்து? சோறு போடுவ. சேரிக்கே போடுவியா?”

“டிராக்டரை நானா ஓட்டுறேன்?”

“இல்ல. நீ வழிய வெட்டிக் குடுத்த.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் போன பிறகு வைரக்கண்ணு யோசித்துப் பார்த்தார். தெரியாமல் செய்திருந்தாலாவது வருத்தப்பட வசதியாக இருந்திருக்கும். குஞ்சிதபாதம் குடையை ஊன்றி நடந்து போன முதுகு நினைவுக்கு வந்தது. வருத்தம் அதைத் தாண்டி வரவில்லை.

பேராசிரியர் ஆனார். துறைத் தலைவர் ஆனார். அவரிடம் படித்தவர்கள் வங்கிகளிலும் டெல்லி அலுவலகங்களிலும் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாசனக் கூட்டங்களில் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார்கள். மேலக்கோட்டகத்து எண் பாடப்புத்தகத்தில் ஏறியது. யாராவது ஒரு மாணவன் இது மற்றக் களங்களைவிட அதிகமாக இருக்கிறதே என்று கேட்டால், “நேரடியா நான் பார்த்த களம்” என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கிரிக்கு வெள்ளை வேட்டியும் தனி அறையும் கிடைத்தன. பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பஞ்சநதம் இறங்கினார். தலை நரைத்திருந்தது. வேட்டியின் கரை மறுபடி மாறியிருந்தது.

“உள்ள வரலாங்களா?”

‘ங்க’ என்ற அந்த விகுதியை வைரக்கண்ணு ருசித்தார். உட்காரச் சொன்னார்.

“அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. டாக்டர் நாள் சொல்லிட்டாரு. பிரக்ஞை வர்றப்பல்லாம் அந்தக் களத்தத்தான் சொல்றாரு. எலெக்‌ஷன்ல நின்னேன், வாசல்ல வைக்கோல் பிரியைக் கட்டித் தொங்க விட்டானுங்க. அது ஈரக் கட்டு. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வரி எழுதிக் குடுங்க. அப்பா காதுல படிச்சுக் காட்டிடறேன்.”

“ஒங்கப்பா எங்கப்பாவுக்கு எழுதிக் குடுத்தாரா?”

“இல்ல. தப்புதான். அதுக்கு நான் என்ன செய்யணுமோ அதைச் சொல்லத்தான் வந்தேன்.” பஞ்சநதம் நாற்காலி நுனிக்கு வந்தார். “டிராக்டரை நிறுத்திடறேன். எங்க நெலம் பூராவும் பழைய மாதிரி கையால அடிக்கட்டும். போரடியில பாதி சேரிக்கு. இந்தத் தையிலேருந்தே. ஊர்ல நாலு பேர வச்சு எழுதியே குடுத்துடறேன்.”

அறை வாசலில் பக்கிரி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

வைரக்கண்ணுவுக்குச் சேரி கண்ணுக்குள் வந்தது. பாதிப் பேர் கேரளாவுக்கு மண் வெட்டப் போயிருந்தார்கள். காத்தாயி ரேஷன் கடை வாசலில் கிடந்தாள். ஒரு வரி. அவர் எழுதாத உண்மையான ஒரு வரி. அதை எழுதினால் அந்தக் களத்தில் கிடைத்த வெற்றி இல்லாமல் போகும். அன்றைக்குச் சேரி சிரித்த சிரிப்பு பொய்யாகிப் போகும். குஞ்சிதபாதம் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

“எழுத மாட்டேன்.”

“ஒங்க ஜனங்களுக்காகவாவது…”

“ஒங்கப்பா ஈரத்துலயும் உதிரும்னு சொன்னாரு. நான் குறிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். காபி சாப்புடுறீங்களா?”

பஞ்சநதம் எழுந்தார். கும்பிடக் கையைத் தூக்கிவிட்டு, பாதியில் இறக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பக்கிரி ஆணியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சின்னாண்டே, செத்த இருங்க. நானும் வர்றேன்.”

“அப்பா, எங்க போற?”

“ஊருக்கு.”

“எதுக்கு?”

“அன்னிக்குக் கட்டைத் தொட்டுப் பாத்தவன் நாந்தானே. ஈரம்னு நான் சொல்றேன். அவரு காதுலயும் சொல்றேன், களத்துலயும் சொல்றேன்.”

“ஒன் கைய ஒடச்சவன்பா அவன்!”

“எங் கைதான?” என்றார் பக்கிரி. “காத்தாயிக்கு என்னா ஒடஞ்சுது?”

செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். பஞ்சநதம் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தார். பக்கிரி அதைப் பார்க்காமல் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தத் தெரியாமல் திணறினார். டிரைவர் எட்டிச் சாத்தினார்.

வைரக்கண்ணு கேட்டருகே நின்றார். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். கார் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சொன்னால் மட்டும் என்ன, யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்தார். பனியைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்காத அந்த ஊரில் அவர் இன்னமும் நெல் மறைத்தவர். அந்த நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருந்தது. கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.